ஊர்க் கல்லறைக்குள் ஒரு ராணுவ மூலை: பார்க்க, படிக்க, பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

பழைய ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் எந்த இரண்டு கல்லும் ஒரே மாதிரி இருக்காது. சிலுவை, தேவதை, உடைந்த தூண், விரித்துவைத்த பளிங்குப் புத்தகம் என்று அவரவர் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்றபடி வைத்திருப்பார்கள். அதற்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே எழுத்து வடிவத்தில் சில கற்கள் வரிசையாக நிற்கும். அதுதான் ராணுவப் பகுதி.

பெரிய போர்க் கல்லறைகளுக்குப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். இந்தச் சின்ன மூலைகளுக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஆனால் எண்ணிக்கையில் இவைதான் அதிகம். இரு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ் பேரரசு, காமன்வெல்த் படையினரின் கல்லறைகளைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அதன் பொறுப்பில் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 23,000 இடங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000க்கும் மேற்பட்டவை பிரிட்டனிலேயே உள்ளன, பெரும்பாலும் தேவாலய வளாகங்களிலும் ஊர்க் கல்லறைகளிலும் ஒன்றிரண்டாக, பத்துப் பதினைந்தாக.

அப்படிப்பட்ட ஓரிடத்துக்குப் போய், கற்களைப் படித்து, முறையாகப் பதிவு செய்து, அங்கே அடங்கியிருப்பவர்கள் யார் என்று ஆவணங்களில் தேட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவக் கல் விதிப்படி வெட்டப்பட்ட கல். விதி தெரிந்தவருக்குத்தான் அது எங்கே மீறப்பட்டிருக்கிறது என்பது கண்ணில் படும். தேட வேண்டிய கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

போவதற்கு முன்: இடம் யாருடையது?

கல்லறைத் தோட்டம் ஒருவருடையது, அதற்குள் இருக்கும் ராணுவப் பகுதி வேறொருவருடையது என்பது சகஜம். நிலம் நகராட்சிக்கோ தேவாலயத்துக்கோ ஒரு அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருக்கும். கற்கள் காமன்வெல்த் ஆணையத்துடையதாகவோ அரசுடையதாகவோ இருக்கும். அமெரிக்காவில் தனியார் கல்லறைகளுக்குள் அரசு வாங்கிய 'சோல்ஜர்ஸ் லாட்' எனப்படும் மனைகள் உண்டு. அவற்றை முன்னாள் படைவீரர் நலத்துறையின் தேசியக் கல்லறை நிர்வாகம் கவனிக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து 1866இல் தொடங்கிய கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் என்ற முன்னாள் வீரர் சங்கத்தின் கிளைகளும் ஊர் ஊராகத் தங்களுக்கென்று மனை வாங்கின. அந்தச் சங்கம் 1956இல் முடிந்துபோனது. அதனால் அப்படிப்பட்ட மனைகளில் இன்று புல்வெட்டுவது யார் பொறுப்பு என்பதே சில ஊர்களில் தீராத கேள்வி.

எனவே முதல் வேலை கல்லறை அலுவலகத்தில் பேசுவது. திறந்திருக்கும் நேரம், புகைப்பட அனுமதி, அடக்கப் பதிவேடு எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் என்று எழுதிய பச்சைப் பலகை இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆணையத்தின் இணையதளத்தில் அந்தக் கல்லறையின் பெயரைக் கொடுத்தால் அங்கே அடங்கியவர்களின் முழுப் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கும். அதை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். பட்டியல் இல்லாமல் போனால், வரிசையாக நிற்கும் கற்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். புதர் ஓரத்தில் தனியாக நிற்கும் இன்னொரு ராணுவக் கல் கண்ணிலேயே படாது.

போர்முனை எங்கோ, இவர்கள் இங்கே எப்படி?

இதைப் புரிந்துகொள்ளாமல் கல்லைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். போர் நடக்காத ஊரில் ராணுவக் கல்லறை வருவதற்கு வழிகள் சிலதான். பக்கத்தில் ராணுவ மருத்துவமனை இருந்து, காயம்பட்டு வந்தவர்கள் அங்கே இறந்திருக்கலாம். பயிற்சி முகாம் இருந்து, அதில் நோயோ விபத்தோ நடந்திருக்கலாம். விமானத் தளம் இருந்திருக்கலாம். கடற்கரை ஊர் என்றால் மூழ்கிய கப்பலிலிருந்து உடல்கள் ஒதுங்கியிருக்கலாம். அல்லது அந்த ஊர்க்காரரே விடுப்பில் வந்த இடத்தில் இறந்திருக்கலாம்.

உடலைத் திருப்பி அனுப்புவதில் நாட்டுக்கு நாடு கொள்கையும் வேறுபட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் படைகள் வெளிநாட்டில் இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்தன. பணக்காரர் மகன் மட்டும் வீடு திரும்பி, ஏழை மகன் அங்கேயே கிடக்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அமெரிக்கா குடும்பத்தாரிடமே விருப்பத்தைக் கேட்டது. சுமார் 46,000 உடல்கள் திரும்பி வந்தன, 30,000 வெளிநாட்டிலேயே தங்கின. எனவே 1918 என்று தேதி போட்ட கல் ஓர் ஆங்கிலேய ஊர்க் கல்லறையில் இருந்தால் அவர் பெரும்பாலும் பிரிட்டன் மண்ணில் இறந்தவர். அதே தேதி ஓர் அமெரிக்க ஊர்க் கல்லறையில் இருந்தால் அவர் பிரான்சில் விழுந்து, பிறகு கப்பலில் வந்தவராகவும் இருக்கலாம்.

தேதிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு வேல்ஸில் போடெல்விடன் ஊரின் புனித மார்கரெட் தேவாலய வளாகம் நல்ல உதாரணம். அங்கே கனடா வீரர்களின் கல்லறைகள் கூட்டமாக இருக்கின்றன. பக்கத்திலிருந்த கின்மெல் முகாமில் போர் முடிந்தும் ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் காத்திருந்த கனடியர்கள் 1919 மார்ச் 4, 5 தேதிகளில் கலவரத்தில் இறங்கினார்கள். ஐந்து பேர் செத்தார்கள். கலவரத்தை மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர், அத்தனை கல்லுக்கும் அதுதான் காரணம் என்று நினைத்துவிடுவார். கற்களில் உள்ள தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை மார்ச் 4, 5இல் விழவே விழாது. அவர்களைக் கொண்டுபோனது அந்தக் குளிர்காலத்து இன்ஃப்ளுயன்சா.

இதே உத்தி எங்கேயும் பலிக்கும். 1918 அக்டோபர், நவம்பரில் தேதிகள் குவிந்திருந்தால் முதலில் காய்ச்சலைச் சந்தேகியுங்கள். 1940களில் ஒரே நாளில் நான்கைந்து விமானப்படைக் கற்கள் இருந்தால் பெரும்பாலும் ஒரே விமானத்தின் குழுவினர். அவற்றில் சில கற்கள் இடைவெளியே இல்லாமல் தோளோடு தோள் ஒட்டி நின்றால், உடல்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாமல் ஒரே குழியில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

முதலில் வரைபடம், பிறகு புகைப்படம்

போனவுடன் போனை எடுத்துக் கிளிக் கிளிக் என்று அடித்துத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தப் படம் எந்தக் கல் என்றே தெரியாது. விதிப்படி வெட்டிய கற்கள் என்பதால் இந்தக் குழப்பம் இங்கே இரட்டிப்பாகும்.

அதனால் முதலில் ஒரு தாளில் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்துகொள்ளுங்கள். வடக்கு எது, வாசல் எது, நிலையாக இருக்கும் ஒரு பொருள் எது (சுவர் மூலை, நினைவுச் சிலுவை, கிணறு) என்று குறியுங்கள். மரத்தை அடையாளமாக வைக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள். வரிசைக்கு ஓர் எழுத்து, கல்லுக்கு ஓர் எண் கொடுங்கள். கல்லறைக்கு ஏற்கெனவே அதிகாரபூர்வமான எண் இருந்தால் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அடுத்தடுத்த கல்லறைகளுக்கு இடையே அவ்வளவு தூரமே இருக்காது. ஆகவே நிலையான பொருளிலிருந்து டேப் பிடித்து அளப்பதுதான் நம்பகம்.

காலி இடங்களையும் வரையுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல் இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். உடலை வேறிடத்துக்கு மாற்றியிருக்கலாம், கல் விழுந்து மண்ணுக்குள் போயிருக்கலாம், அல்லது அங்கே யாரையும் அடக்கம் செய்யாமலே விட்டிருக்கலாம். உதாரணமாக, 1959இல் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, பிரிட்டனின் பல ஊர்க் கல்லறைகளில் இருந்த ஜெர்மானிய வீரர்களின் உடல்களைத் தோண்டியெடுத்து கேனக் சேஸ் என்ற இடத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆணையத்தின் மனைகளுக்குள் இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் படம். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று போதும்: எழுத்தின் உயரத்துக்குக் குனிந்து நேராக ஒன்று, இரு பக்கத்துக் கற்களும் தெரியும்படி ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம் எதற்கு என்று கேட்காதீர்கள். அமெரிக்கக் கற்களில் மனைவியின் பெயர் பல சமயம் அங்கேதான் இருக்கும்.

கல்லைப் படிப்பது

காமன்வெல்த் கல்லிலிருந்து தொடங்கலாம். தரைக்கு மேலே சுமார் 81 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம், மேல்பக்கம் லேசான வளைவு. பெரும்பாலும் போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. பதவி, இனம், மதம் பார்த்து வித்தியாசம் காட்டக் கூடாது என்பது 1917 மே 21ஆம் தேதி அரச சாசனத்தின் மூலம் தொடங்கிய இந்த ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. அப்போது அதன் பெயர் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம். எல்லாருக்கும் ஒரே கல் என்பதை அப்போது பல குடும்பங்கள் ஏற்கவில்லை. தங்கள் பிள்ளைக்குச் சிலுவை வேண்டும் என்று கேட்டார்கள். விஷயம் 1920 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போய்த்தான் அடங்கியது.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் படைப்பிரிவின் சின்னம். கனடாவுக்கு மேப்பிள் இலை, நியூசிலாந்துக்குப் பெரணி இலை. அதன் கீழே சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, குடும்பம் சொல்லியிருந்தால் வயது. நடுவில் மதக் குறி. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர் என்றால் அந்தப் பதக்கத்தின் வடிவமே செதுக்கப்பட்டிருக்கும். அடியில், புல் மறைக்கும் இடத்தில், குடும்பத்தார் எழுதிக்கொடுத்த வரி. அதற்கு 66 எழுத்து வரைதான் அனுமதி, முதல் போருக்குப் பிறகு ஓர் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கட்டணமும் கேட்டார்கள். கனடா அந்தச் செலவை அரசே ஏற்றது. நியூசிலாந்து அப்படி வரியே வேண்டாம் என்று முடிவு செய்தது. எனவே நியூசிலாந்துக்காரர் கல்லில் அடிப்பகுதி வெறுமையாக இருந்தால் குடும்பம் மறந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

புல்லைக் கையால் விலக்கி அந்தக் கடைசி வரியைக் கட்டாயம் படியுங்கள். கல்லில் அரசு எழுதாத இடம் அது ஒன்றுதான்.

பெயர் தெரியாதவர் கல்லில் தெரிந்ததை மட்டும் போட்டு, கீழே 'இறைவன் அறிவான்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் தேர்ந்தெடுத்த வாசகம் அது. அவருடைய மகனே 1915இல் லூஸ் போரில் காணாமல் போனவர். தெரிந்தது என்ன என்பதை அந்தக் கல்லில் கவனியுங்கள்: படைப்பிரிவு மட்டுமா, பதவியுமா, தேதியுமா? அதை வைத்துப் பிற்காலத்தில் ஆளையே கண்டுபிடித்த கதைகள் உண்டு.

கல்லின் தலைப்பகுதியில் 'இந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருப்பதாக நம்பப்படுகிறது' என்பதுபோல் ஒரு வரி இருந்தால், அந்தக் கல்லுக்கு நேர் கீழே ஆள் இல்லை. குழி எது என்று தெரியாமல் நினைவுக்காக வைத்த கல் அது. லண்டன் போன்ற பெருநகரக் கல்லறைகளில் இன்னொரு வகையும் பார்க்கலாம். ஏழைகளைப் பலரோடு சேர்த்துப் புதைத்த பொதுக் குழிகளில் சிப்பாய்களும் போய்விட்டார்கள். அங்கே தனிக் கல் வைக்க வழியில்லாததால், நினைவுச் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் எழுப்பிப் பெயர்களை அதில் பொறித்தார்கள். சுவரில் பெயர் இருக்கிறதென்றால் அவர் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள்தான் எங்கோ இருக்கிறார்.

தேதி வரம்பும் முக்கியம். ஆணையத்தின் கணக்கில் முதல் போர் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் போர் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. 1920இல் இறந்தவருக்கு எப்படிப் போர்க் கல் என்று குழம்ப வேண்டாம். அதேபோல் 1930இல் இறந்த சிப்பாய்க்கு அதே வரிசையில் கல் இருந்தால் அது ஆணையத்தின் கணக்கில் வராது. கல்லின் வடிவமும் சற்று மாறியிருக்கும்.

வடிவ மாற்றங்களைத் தேடிப்போய்க் கவனியுங்கள். தலை கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் போலந்து வீரர். அரபு எழுத்து இருந்து, கல் மற்ற கற்களோடு சேராமல் வேறு கோணத்தில் திரும்பியிருந்தால் முஸ்லிம் வீரர். உடலை மக்காவை நோக்கி வைத்திருப்பார்கள். இந்தியப் படையின் இந்து வீரர் கல்லில் தேவநாகரியில் 'ஓம் பகவதே நம:' என்று இருக்கும். இந்துக்களையும் சீக்கியர்களையும் பெரும்பாலும் எரித்ததால் அவர்களுக்குத் தனிக் கல் அபூர்வம், பெயர் வேறெங்கோ ஒரு நினைவுச் சின்னத்தில்தான் இருக்கும். சீனத் தொழிலாளர் படையைச் சேர்ந்தவர் கல்லில் சீன எழுத்துகளோடு 'நற்பெயர் என்றும் நிலைக்கும்' என்பதுபோல் ஒரு வாசகம் இருக்கும். ஆண் சிப்பாய் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள், செவிலியர்களும் வணிகக் கப்பல் மாலுமிகளும் இந்த வரிசைகளில் உண்டு.

அமெரிக்கக் கல்லுக்கு இலக்கணம் வேறு. உள்நாட்டுப் போர்க் கல் என்றால் பளிங்கில் ஒரு கேடய வடிவத்தைக் குழிவாக வெட்டி, அதற்குள் எழுத்தைப் புடைப்பாக விட்டிருப்பார்கள். 1873இல் முடிவான அளவு 10 அங்குல அகலம், 4 அங்குலக் கனம், தரைக்கு மேலே 12 அங்குலம். பெயரும் படைப்பிரிவும்தான் இருக்கும், பல கற்களில் தேதியே இருக்காது. பெயர் தெரியாதவருக்கு 6 அங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் எண் மட்டும். புல்லுக்குள் முழங்காலுக்குக் கீழே கிடக்கும் அந்தக் கட்டைகளை எல்லைக்கல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். 1903இல் அந்தக் கட்டைகளை நிறுத்திவிட்டு, மற்ற கற்களையும் உயரமாக்கினார்கள். தலை கூர்மையான அமெரிக்கக் கல் என்றால் உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையைச் சேர்ந்தவர்; 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த வடிவம் அது. பார்த்தீர்களா, ஒரே கூர்மை ஓரிடத்தில் போலந்து, இன்னோரிடத்தில் தெற்கத்தியர். எந்த நாட்டு விதியில் நிற்கிறோம் என்று தெரியாமல் வடிவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

கல்லுக்குப் பக்கத்தில் குத்தியிருக்கும் நட்சத்திர வடிவ உலோகக் கொடித்தாங்கியை ஆதாரமாக எடுக்காதீர்கள். முன்னாள் வீரர் சங்கங்கள் வைப்பது அது. புல்வெட்டுகிறவர் பிடுங்கிவிட்டு, திரும்பக் குத்தும்போது பக்கத்துக் கல்லறையில் குத்தியிருக்கலாம்.

மங்கிய எழுத்தை வெளிச்சத்தால் எடுப்பது

சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் மழையில் கரையும். நூறு வருடத்தில் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். அப்போது நேர் வெளிச்சம் உதவாது. கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற சாய்ந்த வெளிச்சம் வேண்டும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த கல்லுக்கு அது கிடைப்பது நண்பகலையொட்டி. காலையில் போய்ப் படிக்க முடியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள், மதியம் வரை காத்திருந்து பாருங்கள்.

சூரியன் ஒத்துழைக்காவிட்டால் ஒரு கண்ணாடி போதும். ஆளுயரக் கண்ணாடியாக இருந்தால் நல்லது. கல் நிழலில் இருக்க வேண்டும், கண்ணாடி வெயிலில். ஒருவர் கல்லின் பக்கவாட்டில் நின்று, வெளிச்சத்தைக் கல்முகத்தின் மேல் படுத்தபடி பாய்ச்ச வேண்டும். இன்னொருவர் படம் எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் செங்குத்துக் கோடுகள் எழும்பும், மேலிருந்து வரும் வெளிச்சத்தில் படுக்கைக் கோடுகள் எழும்பும். அதனால் இரண்டு திசையிலும் எடுங்கள். 1ஆ 7ஆ என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது 7இன் மேல்கோடுதான், அது பக்க வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம். 3, 8 சண்டைக்கு இடப்பக்கத்து வளைவைப் பாருங்கள். 6, 0 குழப்பத்துக்கு உள்ளே ஒரு குறுக்கு வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் கேடயக் கற்களில் ஒரு சிக்கல் உண்டு. குழியின் விளிம்பே நிழல் போட்டு ஓரத்து எழுத்துகளை மறைத்துவிடும். கண்ணாடியைச் சற்று முன்னால் நகர்த்தி, கோணத்தைத் தளர்த்துங்கள்.

சாக்பீஸ், மாவு, ஷேவிங் கிரீம் பூசி எழுத்தைத் தெரியவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வேண்டவே வேண்டாம். கல்லின் துளைகளுக்குள் அது தங்கிவிடும். தாளை வைத்துத் தேய்த்துப் பிரதி எடுப்பதும் உதிரும் கல்லுக்கு ஆபத்து.

எழுத்தைத் தாளில் இறக்கும்போது கல்லில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், எழுத்துப்பிழை உட்பட. படிக்க முடியாததற்குச் சதுர அடைப்புக்குறி போடுங்கள். உங்கள் ஊகத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இன்று ஊகம் என்று தெரிந்துதான் எழுதுவீர்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அது கல்லில் இருந்ததுபோலவே தோன்றும்.

காகிதத்தில் தேடுவது

இங்கே நான்கு அடுக்கு இருக்கிறது, கல்லறையின் அடக்கப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். குழி எண், அடக்கம் நடந்த தேதி, எங்கிருந்து உடல் வந்தது என்ற மூன்றும் அதில் கிடைக்க வாய்ப்புண்டு. மருத்துவமனை பெயர் இருந்தால் ஆள் எப்படி அந்த ஊருக்கு வந்தார் என்பது தெளிவாகிவிடும்.

அடுத்தது கல்லை வைத்த அமைப்பின் ஆவணம். காமன்வெல்த் ஆணையம் அந்தக் காலத்துக் கல்லறைப் பதிவு அறிக்கைகளையும், கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று தயாரித்த அட்டவணைகளையும் ஸ்கேன் செய்து பெயருக்குக் கீழேயே கொடுத்திருக்கிறது. அந்த அட்டவணையில் அடித்துத் திருத்திய இடங்களைப் பாருங்கள். குடும்பம் கேட்ட வரி ஒன்றாக இருந்து, கடைசியில் கல்லில் வந்தது வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் 1879ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் கல்லறைகளில் அடங்கிய வீரர்களுக்கும் அரசுக் கல் தர வழி செய்தது. அன்று முதல் 1903 வரை வழங்கிய கற்களுக்கான அட்டைகளும், 1925க்குப் பிந்தைய விண்ணப்பங்களும் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

மூன்றாவது, ஆளின் சேவைப் பதிவு. இங்கேதான் பலர் சோர்ந்துபோவார்கள். முதல் போரின் பிரிட்டிஷ் சிப்பாய்ப் பதிவுகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் மேல் விழுந்த குண்டில் எரிந்துவிட்டது. அமெரிக்காவில் 1973 ஜூலை 12ஆம் தேதி செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பிடித்த தீ 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகளைத் தின்றது. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. பிரிட்டிஷ் வீரருக்கு மாற்று வழி, யாருக்கு என்ன பதக்கம் என்று குறித்துவைத்த பதக்க அட்டைகள், அவை பெரும்பாலும் தப்பிவிட்டன. கனடியர், ஆஸ்திரேலியர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கனடாவின் முதல் போர்க் கோப்புகள் சுமார் 6,22,000 முழுதாக இணையத்தில் இருக்கின்றன, ஆஸ்திரேலியாவும் தன்னுடையவற்றை இணையத்தில் போட்டுவிட்டது.

சேவை எண் பொருந்தவில்லை என்றால் அவசரப்பட்டு வேறு ஆள் என்று ஒதுக்காதீர்கள். பிரிட்டனின் பகுதிநேரத் தொண்டர் படையான டெரிடோரியல் படைக்கு 1917 தொடக்கத்தில் புது எண் கொடுத்தார்கள், 1920இல் தரைப்படை முழுவதுக்கும் மறுபடி மாற்றினார்கள். பெயரே மாறியும் இருக்கும். வயது குறைந்த பையன்கள், வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் பொய்ப் பெயரில் சேர்ந்தார்கள். 'இன்ன பெயரில் பணியாற்றியவர்' என்று கல்லிலோ பதிவிலோ குறிப்பு இருந்தால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நான்காவது, உள்ளூர்ப் பத்திரிகை. என் கணக்கில் அதிகப் பலன் தருவது இதுதான், கடைசியாகத் தேடுவதும் இதைத்தான். அடக்கம் நடந்த வாரத்து இதழில் யார் யார் வந்தார்கள், எந்தச் சாலை வழியாக ஊர்வலம் போனது, எந்தப் படைப்பிரிவு வானத்தை நோக்கிச் சுட்டது என்பதெல்லாம் இருக்கும். ராணுவக் கோப்பு ஒருநாளும் இதைச் சொல்லாது.

சுத்தம் செய்யலாமா?

பொதுவாக, வேண்டாம். கல் உங்களுடையதல்ல. காமன்வெல்த் கல்லோ அமெரிக்க அரசுக் கல்லோ அழுக்காக இருந்தால் உரிய அமைப்புக்குத் தெரிவிப்பதுதான் முறை. அவர்களிடம் ஆளும் அட்டவணையும் இருக்கிறது. நல்ல மனதோடு கம்பிப் பிரஷும் பிளீச்சும் எடுத்துக்கொண்டு வருகிறவர்தான் கல்லுக்கு முதல் எதிரி. பிளீச் அன்று வெள்ளையாக்கிவிடும். அது விட்டுப்போகும் உப்பு கல்லுக்குள் படிகமாகி, சில வருடங்களில் மேல்தோலை உள்ளிருந்து உரித்துத் தள்ளும். அமிலமும் அழுத்த நீர்ப் பாய்ச்சலும் அதே ரகம்தான்.

குடும்பம் வைத்த தனிக் கல்லாக இருந்து, உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். முதலில் சோதனை. விரலால் மெல்லத் தடவினால் சர்க்கரைபோல் துகள் உதிர்கிறதா? விரல்முட்டியால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம் வருகிறதா? மணற்கல்லில் ஏடு பிரிந்து நிற்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் கையை எடுத்துவிடுங்கள். எல்லாம் திடமாக இருந்தால் சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கல்லை முழுதாக நனைத்துவிட்டு, கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குநீர் காய்ந்த பகுதியில் ஓடிக் கோடு விழும். தேய்க்கும் நேரம் முழுக்கக் கல் ஈரமாகவே இருக்க வேண்டும். பாசி விடாப்பிடியாக இருந்தால் டி/2 என்ற திரவத்தை அமெரிக்கத் தேசியக் கல்லறைகளில் பயன்படுத்துகிறார்கள். அதைப் பூசிய அன்றே பலன் தெரியாது, வாரக்கணக்கில் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் அதற்குள் சுரண்ட ஆரம்பித்துவிடுவார்கள். உறைபனிக் காலத்தில் எதுவும் செய்யாதீர்கள்.

சாய்ந்த கல்லை நிமிர்த்துவது, உடைந்ததை சிமெண்டால் ஒட்டுவது இரண்டும் பயிற்சி பெற்றவர் வேலை. சிமெண்ட் பழைய கல்லைவிடக் கடினம், அடுத்த முறை உடையும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் கல்தான் பிளக்கும்.

பிழையும் விடுபட்ட பெயரும் கண்டால்

கல்லில் பெயர் தவறு, தேதி தவறு என்று தெரிந்தால் ஆதாரத்தின் பிரதியோடு ஆணையத்துக்கு எழுதலாம்; திருத்துவார்கள், நாளாகும். அதே கல்லறைத் தோட்டத்தில் பெயரே விடுபட்ட ஒருவர் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அவர் படையில் இருந்ததற்கு ஓர் ஆவணமும், முன்சொன்ன தேதி வரம்புக்குள் இறந்ததற்கு மரணச் சான்றும் வேண்டும். படையிலிருந்து விலகிய பிறகு இறந்தவர் என்றால், சாவுக்குக் காரணம் ராணுவ சேவையோடு தொடர்புடையது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். காசநோய் இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்க வீரரின் குறியிடப்படாத கல்லறை என்றால் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு 40-1330 எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம், கல் இலவசம். யார் விண்ணப்பிக்கலாம் என்பதற்கு நிபந்தனைகள் உண்டு, படிவத்தோடு வரும் குறிப்பைப் படித்துவிட்டுப் போங்கள்.

வெளியிடும்போது

உயிரோடிருக்கும் உறவினர்களின் பெயர், முகவரி எதையும் போடாதீர்கள், அவர்களே கொடுத்தாலும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உலோகப் பட்டயங்களும் கொடித்தாங்கிகளும் திருட்டுப்போகிற பொருள்கள், அவற்றின் நெருக்கப் படங்களை இடத்தோடு சேர்த்துப் போடுவது திருடனுக்கு வழிகாட்டுவது. கல்லின் மேல் யாரோ வைத்துப்போன நாணயம், கூழாங்கல், காகிதப் பாப்பி மலர் ஆகியவற்றைப் படத்துக்காக நகர்த்த வேண்டாம்.

படக் கோப்புகளுக்கு வரிசை எழுத்து, கல் எண், எடுத்த ஆண்டு என்று பெயர் வையுங்கள். வரைபடம், எழுத்துப் பிரதி, ஊகங்கள், ஆவண நகல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேர்த்து, ஒரு பிரதியைக் கல்லறை அலுவலகத்துக்கும் இன்னொன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுங்கள். அச்சுப் பிரதியாகவும் கொடுங்கள். அலுவலகக் கணினி மாறினாலும் அலமாரி அங்கேயே இருக்கும்.